குளிப்பாட்டின மறுநாளே சொறியுறான், ரெண்டே நாள்ல வாடை வருது – லாப்ரடார் வச்சிருக்கவங்க சொல்லுங்க

கீழ்க்கட்டளைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ராக்கி லாப்ரடார், மூணு வயசு. இருக்கிறது ரெண்டாவது மாடி ஃப்ளாட். ஞாயித்துக்கிழமை தவறாம பாத்ரூம்ல வச்சு குளிப்பாட்டுறோம். அத்தை கழுத்துப் பட்டையைப் பிடிச்சுக்குவாங்க, நான் தேய்ப்பேன். குழந்தைங்க ஷாம்பூதான் போடுறோம், கண்ணு எரியாதுன்னு.

குளிச்ச அன்னைக்கு நல்லாத்தான் இருக்கான். திங்கட்கிழமை சாயங்காலம் சொறிய ஆரம்பிச்சா நிறுத்துறதே இல்ல. வயிறு, அக்குள், வாலுக்கு மேல இருக்கிற இடம். செவ்வாய், புதன்ல ஒரு புளிச்ச வாடை வந்துடுது. வாடை வருதேன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை ஆக்கிப் பார்த்தோம், சொறி இன்னும் கூடிப்போச்சு. உண்ணி கண்ணுக்குத் தெரியல. எங்க வீட்டுல போர் தண்ணி, நல்ல உப்பு. ஷாம்பூவை மாத்தணுமா? தண்ணியாலதான் இப்படியா?

கோம்பைவீடு:

வாரம் ஒருக்கா குளிப்பாட்டுறதே அதிகம்மா. நம்ம தேனிப் பக்கம் கோம்பை ஜாதி நாட்டு நாய் வச்சிருக்கோம். சாணியில புரண்டா, இல்ல எங்கேயாச்சும் செத்த எலிமேல உருண்டுட்டு வந்தாத்தான் குளியல். மத்த நாளெல்லாம் தேங்காய் நார்ல உடம்பைத் தேய்ச்சு விடுறதோட சரி. தோல்ல ஒரு எண்ணெய்ப் பசை இருக்கணும். அதை வாராவாரம் கழுவி எடுத்தா தோல் காஞ்சு வெடிக்கும், அது சொறியத்தானே செய்யும்?

ஈரமூக்கு:

கோம்பைக்கு இருக்கிறது ஒட்டின குட்டை முடிங்ணா. லாப்ரடாருக்கு மேல ஒரு முடி, அடியில பஞ்சாட்டம் இன்னொரு முடி. ரெண்டும் ஒரே கணக்கில்லைங்க. ஆனா வாரம் ஒருக்கா வேண்டாம்னு நீங்க சொல்றது சரிதான். மாசத்துக்கு ஒண்ணு, ரொம்ப அழுக்கானா ரெண்டு, அவ்வளவு போதும்.

கீழ்க்கட்டளைவாசி, நான் கோயம்புத்தூர்ல நாய்களுக்கான பார்லர்ல வேலை பார்க்கிறேன். வீட்டுல குளிப்பாட்டிச் சொறியோட வர்ற நாய்ங்க நிறைய வரும். எனக்குத் தெரிஞ்சு ஷாம்பூவை விட, அலசுறதும் துவட்டுறதும்தான் முக்கியம். கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுமையாப் படிங்க.

உப்புத் தண்ணியில நுரை லேசுல வராது. நுரை வரலையேன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துவோம். அதே உப்புத் தண்ணியில அலசும்போது மேல் முடி சுத்தமாயிரும், அடி முடியில வழவழப்பு அப்படியே தங்கிரும். அடுத்த தடவை குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னு நினைச்சதும் வால் அடிப்பக்கத்து முடியை ரெண்டு விரலால தோல்வரைக்கும் அழுத்திப் பாருங்க. வெள்ளையா நுரை கசிஞ்சா அலசல் பத்தலைன்னு அர்த்தம். அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டை இருக்கிற இடம், இந்த மூணுலயும் இதே மாதிரி பாருங்க. நீங்க சொறியிறதா சொன்ன அக்குளும் வால் பக்கமும் இதுலதான் வருது.

தண்ணி படுறதுக்கு முந்தி நல்லா வாருங்க. ரப்பர் பல்லு வச்ச பிரஷ் போதும். உதிர்ற முடியெல்லாம் அப்பவே வந்துரும், அடி முடிக்குத் தண்ணி போக வழி கிடைக்கும். வாராம நனைச்சீங்கன்னா உதிர்ந்த முடி உள்ளேயே அடையா ஒட்டிக்கும். ஃப்ளாட்டுல இருக்கிறதால தண்ணி போற ஓட்டை மேல ஒரு பழைய டீ வடிகட்டியைக் கவிழ்த்து வச்சிருங்க, இல்லாட்டி கீழ் வீட்டுக்காரங்க வரை அடைப்புப் போயிரும்.

டைல்ஸ் தரையில வழுக்குற பயத்துலயே பாதி நாய்ங்க தப்பிச்சு ஓடப் பார்க்கும். ஒரு கோணிச்சாக்கை நனைச்சு விரிச்சு அதுமேல நிறுத்துங்க. கால் ஊனி நிக்க முடிஞ்சா தானா அமைதியாயிரும். உங்க அத்தைக்கும் கை வலி மிச்சம்.

ஷாம்பூவை நேரா முதுகுல ஊத்தாதீங்க. ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு மூணு மூடி கலக்கி, அந்தக் கரைசலை ஊத்தித் தேய்ங்க. அப்பத்தான் தோல்வரைக்கும் இறங்கும், அலசுறதும் சுலபம். முதல்ல கழுத்தைச் சுத்தி ஒரு வளையமா நுரை போட்டுருங்க. தெள்ளுப்பூச்சி இருந்தா தண்ணி பட்டதும் காதுப்பக்கம் ஏறப் பார்க்கும், அந்த நுரை அதைத் தடுக்கும். கழுத்துல இருந்து பின்னாடி போங்க. தலைக்கு ஷாம்பூவே வேண்டாம், ஈரத்துணியால துடைச்சா போதும். முகத்தை எப்பவும் கடைசியா வச்சுக்கோங்க. தலையில தண்ணி பட்ட அடுத்த நொடி உடம்பை உதறும், அப்புறம் நிறுத்திப் பிடிக்கிறது கஷ்டம்.

தேய்ச்ச நேரத்தைப் போல ரெண்டு மடங்கு நேரம் அலசணும். முடிஞ்சா கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி வச்சுக்கோங்க. சென்னையில மெட்ரோ வாட்டர் வருதில்லைங்களா, அது போதும்.

அப்புறம் துவட்டல். லாப்ரடாருக்கு ஒரு துண்டு பத்தாது. முதல் துண்டால தேய்க்காம அழுத்தி அழுத்தி ஒத்தி எடுங்க, ரெண்டாவது துண்டால முடியைக் கலைச்சுத் துவட்டுங்க. விரல் இடுக்கு, காது மடிப்பு, வாலுக்கு அடியில் எல்லாம் விட்டுப்போகக் கூடாது. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், விரலை உள்ள விட்டா ஈரம் சில்லுன்னு தெரியும். அந்த ஈரத்தோட போய் மெத்தையில படுத்தா அடுத்த நாள் சொறியும், அதுக்கடுத்த நாள் வாடை வரும். ஹேர் டிரையர் போடலாம், சூடு இல்லாத காத்துல, ஒரு அடி தள்ளிப் பிடிச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம. டிரையர் சத்தத்துக்குப் பயந்தா ஃபேன் முன்னாடி உட்கார வச்சு வாரிக்கிட்டே இருங்க. இந்த வேலைக்கு நேரம் எடுக்கும்ங்க, எடுக்கத்தான் வேணும்.

வேப்பங்கொழுந்து:

இவ்வளவு கெமிக்கல் எதுக்கு? எங்க பாட்டி காலத்துல இருந்து நாய்க்கு வேப்பிலை வேக வச்ச தண்ணி, சீயக்காய், மஞ்சள்தான். சொறியும் கிடையாது, உண்ணியும் கிடையாது. கடலை மாவு தேய்ச்சா முடி பளபளன்னு இருக்கும். எனக்கு இதுல முழு நம்பிக்கை. கீழ்க்கட்டளைவாசி, ஒரு மாசம் இதைச் செஞ்சு பாருங்க.

கால்நடைப்பணி:

நான் கால்நடை மருத்துவர். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் பயனுள்ள செய்திகள் நிறைய வந்திருக்கின்றன. சிலவற்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேப்பிலை வேகவைத்த நீரை ஆறவைத்துக் கடைசி அலசலுக்கு ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் அது உண்ணியைக் கொல்லும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். வேப்பெண்ணெய் வேறு. அதை அப்படியே பூசினால் நாய் நக்கும், வாந்தி எடுக்கும். சீயக்காய்த்தூள் கண்ணில் பட்டால் நமக்கு எப்படி எரியுமோ அதற்கும் அப்படித்தான் எரியும். கடலை மாவு அடிமுடியில் தங்கி ஈரத்தோடு புளிக்கும். குட்டை முடி நாட்டு நாய்க்கு உங்கள் பாட்டி செய்தது சரியாகவே இருந்திருக்கும் அம்மா. திண்ணையிலும் தெருவிலும் வெயிலிலும் கிடந்த நாய் அது, அரை மணியில் காய்ந்துவிடும். மூடிய ஃப்ளாட்டில் இருக்கும் லாப்ரடாருக்கு அதே கணக்கு பொருந்தாது.

குழந்தை ஷாம்பூ பற்றி. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, பிஎச் 5.5-ஐ ஒட்டி இருக்கும். நாய்த்தோல் நடுநிலையை நெருங்கியது, மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. அதனால் நாய்க்கென்று செய்த ஷாம்பூவே நல்லது. அவசரத்துக்கு ஒருமுறை குழந்தை ஷாம்பூ போட்டால் ஆபத்தில்லை. வாராவாரம் போட்டு அரைகுறையாக அலசுவதுதான் தொல்லை.

'புளிச்ச வாடை' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஈஸ்ட் என்ற நுண்ணிய பூஞ்சையின் நினைவுதான் வந்தது. மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லா நாய்களின் தோலிலும் கொஞ்சம் இருக்கும். ஈரமும் எண்ணெய்ப்பசையும் கூடும் இடத்தில் அது பெருகிவிடும்: காதுக்குள், அக்குள், விரல் இடுக்கு, அடிவயிறு. காது மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். உள்ளே பழுப்பாக மெழுகு படிந்து அதே வாடை அடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோலில் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கென்று குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பூ தருவார்கள். தேய்த்த நுரையைப் பத்து நிமிடம் அப்படியே விட்ட பிறகுதான் அலச வேண்டும். பலர் இரண்டே நிமிடத்தில் கழுவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பி வருவார்கள்.

ஈஸ்ட் பெருகுவதற்கு அடியில் ஒவ்வாமையும் இருக்கலாம். லாப்ரடாருக்கு அது அதிகம். ஆகவே குளியலைச் சரிசெய்தும் சொறி நிற்காவிட்டால் அதையும் கேளுங்கள். சென்னையில் இருக்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். 1903-இல் தொடங்கிய கல்லூரி, தோல் நோய்க்கான அனுபவம் அங்கே உண்டு.

உண்ணிவேட்டை:

டாக்டர் சார் உண்ணியைப் பத்தித் தொட்டதால நானும் சொல்லணும். எங்க நாயை உண்ணிக் காய்ச்சல்ல இழக்குற நிலைமைக்குப் போய் மீட்டோம். அதனால இதை எங்க பார்த்தாலும் எழுதுவேன்.

குளிப்பாட்டும்போது மண்ணெண்ணெய் தடவுறது, தண்ணியில ஃபினாயில் கலக்குறது, டெட்டால் ஊத்துறது, கற்பூரம் கரைக்கிறது, இதுல எதையும் செய்யாதீங்க. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கி, நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. இன்னமும் ஊர்ல இதைச் சொல்லிக் கொடுக்கிறாங்க, படிச்சவங்களும் செய்யுறாங்க. மனசு பதறுது.

மருந்துக் கடையில குளியலுக்குன்னு தர்ற அமிட்ராஸ் மருந்தையும் கண்ணளவுல கலக்கக் கூடாது. அளவு கூடினா நாய் மயங்கி, நாடி குறைஞ்சுடும். குட்டிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் டாக்டர் சொல்லாம ஊத்தவே கூடாது. வீட்டுல பூனையும் இருந்தா பெர்மெத்ரின்ங்கிற பூச்சி மருந்து இருக்கிற எதையும் நாய்க்குப் போடாதீங்க. பூனைக்கு அது விஷம்.

நாய் உடம்புல இருக்கிறது கொஞ்சம் உண்ணிதான். மிச்சமெல்லாம் சுவர் விரிசல், கதவு நிலை, பாய்க்கு அடியில் இருக்கும். ரத்தம் குடிச்சுப் பெருத்த பொட்டை கீழ விழுந்து, ஆயிரக்கணக்குல முட்டை போடும். நாயை மட்டும் கழுவிட்டு வீட்டை விட்டா, அடுத்த மாசமே திரும்பி ஏறும். ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டா சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. கையால நசுக்காதீங்க, தீக்குச்சியால சுடாதீங்க. நாய் சோறு வேண்டாம்னு படுத்து, காய்ச்சல் அடிச்சு, ஈறு வெளுத்து, மூக்குல ரத்தம் வந்தா ராத்திரின்னு பார்க்காம ஓடுங்க.

கால்நடைப்பணி:

உண்ணிவேட்டை எழுதியது அத்தனையும் உண்மை. ஒன்று சேர்க்கிறேன். கழுத்தில் சொட்டு விடும் மருந்து போட்டிருந்தால், போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் போட்ட பின் இரண்டு நாளும் குளியல் வேண்டாம். அது தோலின் எண்ணெயில் கரைந்து பரவுகிற மருந்து. மாத்திரையாகத் தருவதற்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரை தருமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரைத்தோழி:

இழை நல்லாப் போகுது, என் கேள்வியும் இதோட சேர்ந்ததுதான். தெருவுல அடிபட்டுக் கிடந்த ஒரு செவலை நாயை எடுத்து வளர்க்கிறேன். மத்த எல்லாத்துக்கும் தங்கம். ஹோஸ் பைப்பைக் கையில எடுத்தா மட்டும் மூலையில போய் ஒண்டிக்கிட்டுப் பல்லைக் காட்டுறா. யாரோ தண்ணி ஊத்தி விரட்டி இருப்பாங்கன்னு தோணுது. ஆள் வச்சுப் பிடிச்சுக் குளிப்பாட்ட எனக்கு மனசு வரல.

ஈரமூக்கு:

பிடிக்காதீங்க. ஒரு தடவை அமுக்கிப் பிடிச்சுக் குளிப்பாட்டிட்டா அடுத்த தடவை பாத்ரூம் கதவைப் பார்த்தாலே கடிக்க வரும். குளியலையே மறந்துட்டு முதல்ல பாத்ரூமைப் பழக்குங்க. தரை காஞ்சிருக்கணும், பக்கெட் காலியா இருக்கணும். அவிச்ச முட்டையைப் பிச்சுப் பிச்சு உள்ள வைங்க. தானா வந்து தின்னுட்டுத் தானா வெளிய போகட்டும், கதவைச் சாத்தாதீங்க. அது சகஜமானதும் ஈரக் கையால பாதத்தை மட்டும் தொடுங்க, முட்டை கொடுங்க. அப்புறம் சின்ன மக்குல பாதத்துக்கு மட்டும் வெதுவெதுப்பா கொஞ்சம் தண்ணி. காலில இருந்து மேல ஏறுங்க. ஹோஸ் வேண்டவே வேண்டாம். அந்தச் சீறுற சத்தம்தான் பல நாய்களுக்குப் பயம். மக்கை உடம்போட ஒட்டி வச்சுச் சரிச்சா சத்தமே வராது.

அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே செய்யுங்க. உதட்டை நக்குறது, தூக்கம் இல்லாம கொட்டாவி விடுறது, கண்ணோட வெள்ளை தெரியுறது, வாலை உள்ள இழுக்கிறது, இதெல்லாம் 'போதும்'னு சொல்றதுதான். அங்க நிறுத்திட்டா உறுமுற வரைக்கும் போகாது. உறுமினா திட்டாதீங்க. திட்டி உறுமலை நிறுத்தின நாய் அடுத்து சொல்லாம கடிக்கும்.

அதுவரைக்கும் அழுக்கா இருக்கான்னு கவலை வேண்டாம். வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியால உடம்பைத் துடைச்சு, காஞ்ச துணியால துவட்டினா குட்டை முடிக்கு அதுவே குளியல்.

கோம்பைவீடு:

இந்தப் பிள்ளை சொல்றது நூத்துக்கு நூறு. மிரண்ட மாட்டையும் இப்படித்தான் கூட்டி வரணும். தாயீ, ரேபிஸ் ஊசி போட்டாச்சா அதுக்கு?

வைகைக்கரைத்தோழி:

போட்டாச்சு அண்ணா, வருசாவருசம் போடுறேன். முட்டை யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்.

கால்நடைப்பணி:

ஊசி போட்ட நாயே ஆனாலும், குளிப்பாட்டும்போது பல் பட்டுத் தோல் கிழிந்தால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் தூளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். வீட்டு நாய்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம்.

கீழ்க்கட்டளைவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்பதான் திரும்ப வர முடிஞ்சது. டாக்டர் சார் சொன்ன மாதிரி ராக்கி காதைத் தூக்கி முகர்ந்து பார்த்தோம். அதே வாடைதான், உள்ள பழுப்பா படிஞ்சிருந்தது. உடனே கூட்டிட்டுப் போனோம். அடிவயித்துல டேப் ஒட்டி எடுத்து, எங்களுக்கும் காட்டினாங்க: நிலக்கடலை வடிவத்துல ஊதா ஊதாவா. ஈஸ்ட்தானாம். மருந்து ஷாம்பூ கொடுத்திருக்காங்க. இப்போதைக்கு வாரம் ரெண்டு, கட்டுப்பட்டதும் குறைச்சுக்கலாமாம். காதுக்குத் தனியா சொட்டு மருந்து. பட்ஸ் உள்ள விடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

ஈரமூக்கு சொன்ன விரல் சோதனையும் செஞ்சேன். நல்லா அலசினதுக்கு அப்புறமும் வால் அடியில வெள்ளையா கசிஞ்சது! இப்ப கடைசி ரெண்டு பக்கெட் மெட்ரோ வாட்டர்தான். கோணிச்சாக்கு விரிச்சதுல இருந்து அத்தை பட்டையைப் பிடிக்கிறதே இல்ல. அவன் காதுகிட்ட ஏதோ பேசிக்கிட்டு நிக்கிறாங்க, அவனும் நிக்கிறான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு அத்தை சகஸ்ரநாமம் சொல்றாங்க, கடிகாரம் பார்க்கிற வேலை எனக்கு இல்ல. சொறி நல்லாவே குறைஞ்சிருக்கு. ஒவ்வாமை இருக்கான்னு அடுத்த தடவை பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

சென்னைக்காரங்களுக்கு என் பங்குக்கு ஒண்ணு. சித்திரை, வைகாசியில மதியம் குழாயைத் திறந்து நேரா நாய் மேல ஊத்தாதீங்க. மொட்டை மாடி டேங்க்ல தண்ணி சுடச்சுட இருக்கும். பக்கெட்ல பிடிச்சு, முழங்கையை விட்டுப் பார்த்துட்டு ஊத்துங்க. நாங்க காலையில எட்டு மணிக்கே முடிச்சுடுறோம், வெயில் வர்றதுக்குள்ள காஞ்சும் போயிடுது. மார்கழியில என்ன பண்றதுன்னு இனிமேதான் பார்க்கணும்.

ஈரமூக்கு:

மார்கழியில பதினோரு மணிக்கு மேல வச்சுக்கோங்க, வெயில் ஏறினப்புறம். மழைக்காலத்துல முழுக் குளியலைக் குறைச்சுக்கலாம். வெளிய போயிட்டு வந்ததும் நாலு பாதத்தையும் கழுவி, விரல் இடுக்கைத் துடைச்சு விட்டீங்கன்னா போதும். தேங்கின தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும், அதுல நடந்துட்டு வந்து பாதத்தை நக்கினா எலிக்காய்ச்சல் வரும்ங்க. ராக்கி தேறினது ரொம்ப சந்தோஷம். அத்தையைக் கேட்டதா சொல்லுங்க.

புதுக்குட்டி:

நான் புதுசு. நேத்துதான் 45 நாள் ராஜபாளையம் குட்டி ஒண்ணு கொண்டு வந்தோம். கூண்டுல இருந்ததால மூத்திர வாடை தாங்கல. வெள்ளைக் குட்டி, அழுக்கு அப்படியே தெரியுது. இன்னைக்குக் குளிப்பாட்டலாமா? இன்னும் ஊசி ஒண்ணும் போடல.

கால்நடைப்பணி:

இன்று வேண்டாம். தாயைப் பிரிந்து வந்த அலைச்சலில் இருக்கிறது, உடல் சூட்டைக் காத்துக்கொள்ளவும் அந்த வயதில் சரியாகத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, உடனே துவட்டி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் இப்படித் துடைத்தாலே வாடை போய்விடும். முதல் குளியல் எப்போது என்பதை ஊசி போடும் மருத்துவரே சொல்வார். பொதுவாகத் தடுப்பூசி போட்டுச் சில நாள் கழித்துத்தான்.

ராஜபாளையத்தின் முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு, மெல்லியது. பெரிதான பிறகும் நண்பகல் வெயிலில் நிறுத்திக் காயவைக்காதீர்கள். இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தூங்கும்போது பின்னால் கைதட்டிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றித் திடுக்கிட வைக்காமல், முன்னால் வந்து முகம் காட்டிவிட்டுத் தொட வேண்டும்.

குட்டி பால் குடிக்க மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ரத்தத்தோடு கழிந்தாலோ வாடையைப் பற்றி யோசிக்காமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டிகளை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும்.

புதுக்குட்டி:

கை தட்டிப் பார்த்தேன் சார், உடனே தலையைத் தூக்கிப் பார்த்தான். பாலும் குடிக்கிறான். துணியால துடைச்சு விட்டாச்சு, இப்ப தூங்குறான். நாளைக்குக் காலையில ஊசிக்குக் கூட்டிட்டுப் போறோம். முதல் குளியல் எப்போன்னு அங்கேயே கேட்டுட்டு வந்து எழுதுறேன்.